வரவு செலவு: இரண்டு அறுவடை, பன்னிரண்டு தவணை

“12 மா நஞ்சை இருக்கிறது. குறுவை, தாளடி இரண்டு போகம். மனைவி தையல் வேலை செய்கிறார். பிள்ளைகளின் படிப்புக்காக கூத்தாநல்லூரில் 5,000 ரூபாய் வாடகையில் குடியிருக்கிறோம். இதே ஊரில் பழைய வீடு ஒன்று 18 லட்சம் ரூபாய்க்கு வந்திருக்கிறது. வீட்டுக்காரர் மலேசியாவில் இருக்கிறார், அவருடைய உறவினர்தான் பேசுகிறார். தை மாதத்துக்குள் 2 லட்சம் முன்பணம் கேட்கிறார்கள். சேமிப்பு 6 லட்சம் இருக்கிறது. வங்கியில் விசாரித்தால், ‘சிபில் 640தான் இருக்கிறது’ என்று தயங்குகிறார்கள். 15 பவுன் நகையில் 8 பவுன் ஏற்கெனவே அடகில். மீதி 7 பவுனையும் வைத்து முன்பணம் கொடுத்துவிடலாமா? மூன்று மாதத்தில் சிபிலை உயர்த்த வழி உண்டா?”

- வாசகர், கூத்தாநல்லூர், திருவாரூர் மாவட்டம்.

மீதி நகையை இப்போது அடகு வைக்க வேண்டாம். மூன்று மாதத்தில் சிபிலை உயர்த்தித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்பவும் வேண்டாம். அதற்காக சொந்த வீட்டு ஆசையைக் கைவிட வேண்டியதில்லை. இந்தக் குடும்பத்தால் வீடு வாங்க முடியும். ஆனால், இந்தத் தையிலும் இந்த விலையிலும் முடியாது. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

வங்கிக்குப் புரிகிற வருமானம்

டெல்டா விவசாயிக்குப் பணம் வருவது வருடத்துக்கு இரண்டு முறை. குறுவை நெல் புரட்டாசி, ஐப்பசியில் பணமாகும். தாளடி நெல் மாசி, பங்குனியில் பணமாகும். வீட்டுக்கடன் தவணையோ மாதம் தவறாமல் வரும். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தாலும் தவணை உண்டு, தண்ணீர் தாமதமானாலும் தவணை உண்டு. எனவே, வீடு வாங்க நினைக்கும் விவசாயி முதலில் செய்ய வேண்டியது, இரண்டு அறுவடைப் பணத்தைப் பன்னிரண்டு மாத வருமானமாக மாற்றிப் பார்ப்பது.

வாசகரின் 12 மா என்பது 4 ஏக்கர். ஏக்கருக்கு 20 குவிண்டால், அதாவது கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ சிப்பத்தில் 50 சிப்பம் என்று வைத்துக்கொள்வோம். 2025-26 கொள்முதல் பருவத்தில் சன்னரக நெல்லுக்கு, மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். 80 குவிண்டாலுக்கு 2,03,600 ரூபாய். உழவு, விதை, நடவு, உரம், களை, அறுவடை இயந்திர வாடகை என்று ஏக்கருக்கு 28,000 ரூபாய் செலவு பிடித்தால், 4 ஏக்கருக்கு 1,12,000 ரூபாய். ஒரு போகத்தில் மிஞ்சுவது 91,600 ரூபாய். இரண்டு போகத்துக்கு 1,83,200 ரூபாய்.

மனைவியின் தையல் வருமானம் மாதம் 6,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 72,000. இரண்டும் சேர்ந்து 2,55,200 ரூபாய். மாதத்துக்குச் சராசரியாக 21,267 ரூபாய்.

மாத வருமானத்தில் 40 சதவிகிதத்துக்கு மேல் தவணைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. அப்படியானால் இவரால் கட்ட முடிந்தது சுமார் 8,500 ரூபாய். 9 சதவிகித வட்டியில், 15 ஆண்டுகளுக்கு 8 லட்சம் கடன் வாங்கினால் மாதத் தவணை 8,114 ரூபாய் வரும். இந்தக் குடும்பம் தாங்கக்கூடிய கடன் 8 லட்சம்தான். அதுவும் நகைக்கடன், பயிர்க்கடன் பாக்கிகள் ஒழுங்கான பிறகு.

வீட்டு விலையோடு செலவு முடிவதில்லை

30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக்கடனில், வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90 சதவிகிதம் வரை வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ‘18 லட்சம் வீட்டுக்கு 16.20 லட்சம் கடன் கிடைக்கும்’ என்று தரகர்கள் சொல்வது இதை வைத்துத்தான். அது உச்சவரம்பு. ஒருவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை அவருடைய வருமானம்தான் முடிவு செய்கிறது.

அடுத்தது பத்திரச் செலவு. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். மொத்தம் 9 சதவிகிதம். 18 லட்சத்துக்கு இது 1,62,000 ரூபாய். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் பத்திரச் செலவை வீட்டு விலையோடு சேர்த்துக் கடன் தர மாட்டார்கள். அது கைப்பணமாகத்தான் இருக்க வேண்டும். வழக்கறிஞர் கருத்துரை, வங்கியின் பரிசீலனைக் கட்டணம், மதிப்பீட்டாளர் கட்டணம், அடமானப் பதிவு, சுண்ணாம்பு, மின்கம்பி மாற்றுவது ஆகியவற்றுக்குக் குறைந்தது 50,000 ரூபாய் ஒதுக்க வேண்டும்.

ஆக, மொத்தத் தேவை 20,12,000 ரூபாய். கடன் 8 லட்சம், சேமிப்பு 6 லட்சம். துண்டு விழுவது 6 லட்சத்துக்கு மேல். அதைக் கைமாற்றிலும் வட்டிக்கடையிலும் புரட்டினால், முதல் மழையிலேயே இந்தக் கணக்கு உடைந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. 6 லட்சம் சேமிப்பையும் வீட்டில் போட்டுவிட்டால் அடுத்த போகத்துக்கு நாற்றங்காலுக்கு எங்கே போவது? ஒரு போகத்துச் சாகுபடிச் செலவான 1,12,000 ரூபாயை எந்தக் காரணம் கொண்டும் வீட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தவணை கட்டப் போவதே வயலில் வருகிற பணத்தில்தான். அந்தப் பணத்தைத் தனியே வைத்துவிட்டுப் பார்த்தால், இன்றைய நிலையில் இவருக்குக் கட்டுபடியாகும் வீடு 11 லட்சம் ரூபாய் அளவிலானது. பத்திரத்துக்கு 99,000, இதர செலவுக்கு 50,000 என மொத்தம் 12,49,000 ரூபாய். சாகுபடிப் பணத்தையும் சேர்த்தால் 13,61,000. கையிலிருப்பதும் கடனுமாக 14 லட்சத்துக்குள் அடங்கிவிடும்.

640 எங்கிருந்து வந்தது?

2025-ல் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்கும் சிபில் பார்க்கப்படும் என்று செய்தி வந்தபோது விவசாய சங்கங்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தன. மழையாலும் வறட்சியாலும் தள்ளிப்போன தவணையை வேண்டுமென்றே கட்டாததுபோல் பார்ப்பது என்ன நியாயம் என்பது அவர்களின் கேள்வி. அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால், வீட்டுக்கடன் என்று வந்துவிட்டால் சிபில் பார்க்காத வங்கி இல்லை.

சிபில் என்பது 2000-ல் தொடங்கப்பட்ட கடன் தகவல் நிறுவனம். இதோடு எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று மொத்தம் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. 300 முதல் 900 வரை மதிப்பெண் தருகிறார்கள். 750-க்கு மேல் இருந்தால் வங்கிகள் தயங்குவதில்லை. நான்கு நிறுவனங்களும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. வாசகர் முதலில் அதை வாங்கிப் பார்க்க வேண்டும். மனைவியின் பெயரிலும் வாங்க வேண்டும். வங்கி சொன்ன 640 என்ற எண்ணை விட, அந்த எண் எப்படி வந்தது என்பது அறிக்கையில்தான் தெரியும்.

விவசாயிகளின் அறிக்கையில் மதிப்பெண்ணைக் கெடுப்பவை பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, கெடு தாண்டிய பயிர்க்கடன். சம்பா மூழ்கிய வருடம் கட்ட முடியாமல் போய், அடுத்த வருடம் கட்டியிருப்பார்கள். கட்டியது சரி. ஆனால், எத்தனை நாள் தாமதம் என்பது அறிக்கையில் இருக்கும். 3 லட்சம் ரூபாய் வரையிலான கிசான் கிரெடிட் கார்டு கடனுக்கு வட்டி 7 சதவிகிதம். கெடுவுக்குள் கட்டினால் 3 சதவிகிதம் குறைந்து 4 சதவிகிதம்தான். கூட்டுறவுச் சங்கத்தில் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. கெடு தேதியைச் சுவர் காலண்டரில் வட்டமிட்டு வைப்பதால் வட்டியும் மிச்சம், மதிப்பெண்ணும் மிச்சம்.

இரண்டாவது, ஜாமீன் கையெழுத்து. மச்சானின் டிராக்டர் கடனுக்கோ, பக்கத்து வயல்காரரின் கடனுக்கோ போட்ட கையெழுத்து நமது அறிக்கையிலும் ஏறும். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவர் தவணை தவறினால் வங்கி இவரையும் கேட்கலாம். அப்படி ஏதேனும் இருந்தால், சங்கடப்படாமல் மச்சானிடம் பேசி, பாக்கியைக் கட்டச் சொல்ல வேண்டும். வீடு வாங்கி முடிக்கும்வரை புதிய ஜாமீன் எதுவும் வேண்டாம்.

மூன்றாவது, நகைக்கடன். வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வைத்த நகைக்கடனும் அறிக்கையில் வரும். வட்டி கட்டாமல் ஏலத்துக்குப் போயிருந்தால் அதுவும் வரும். மீதி 7 பவுனையும் இப்போது அடகு வைத்தால், வீட்டுக்கடன் கேட்கும் நேரத்தில் கடன் பாரம் இன்னும் கூடித் தெரியும். அதனால், இருக்கிற 8 பவுனை மீட்பதே இவருக்கு முதல் வேலை.

நான்காவது, குழுக்கடன். மனைவி மகளிர் குழுவிலோ நுண்கடன் நிறுவனத்திலோ வாங்கிய கடன்கள் அவருடைய அறிக்கையில் இருக்கும். கணவன், மனைவி சேர்ந்து விண்ணப்பித்தால் வங்கி இரண்டு அறிக்கைகளையும் பார்க்கும்.

அறிக்கையில் தவறு இருந்தால், அதாவது கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவை என்று காட்டினாலோ, வாங்காத கடன் இருந்தாலோ, அந்த நிறுவனத்திலேயே இலவசமாகப் புகார் செய்யலாம். வங்கியின் ‘நிலுவை இல்லை’ சான்றை இணைக்க வேண்டும். 30 நாள்களுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அதற்கும் பதில் இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தகவலுக்கு 14448.

ஆனால், உண்மையிலேயே தாமதமாகக் கட்டியதை யாராலும் அழிக்க முடியாது. பணம் வாங்கிக்கொண்டு அழித்துத் தருகிறேன் என்பது ஏமாற்று வேலை. தொடர்ந்து ஒழுங்காகக் கட்டி வந்தால் பழைய தாமதத்தின் பாதிப்பு தானாகக் குறையும். அதற்கு ஒரு வருடமாவது பொறுமை வேண்டும்.

ஒரு வருட ஒத்திகை

அந்த ஒரு வருடம் சும்மா காத்திருக்கும் காலமல்ல. இவர் இப்போது மாதம் 5,000 ரூபாய் வாடகை கட்டுகிறார். வரப்போகும் தவணை 8,114 ரூபாய். வித்தியாசம் 3,114. இந்தத் தொகையை மாதாமாதம் வங்கியில் 12 மாதத் தொடர் வைப்பில் போட்டு வர வேண்டும். குறுவைப் பணம் வந்ததும் ஆறு மாதத் தொகையைத் தனிச் சேமிப்புக் கணக்கில் ஒதுக்கிவிட்டு, அங்கிருந்து மாதாமாதம் தானாகப் பிடிக்கச் சொல்லலாம். தாளடிப் பணம் வந்ததும் அடுத்த ஆறு மாதத்துக்கு அதேபோல ஒதுக்க வேண்டும்.

பன்னிரண்டு மாதமும் தடங்கலின்றி இது நடந்தால், வீட்டுக்கடன் கட்ட முடியும் என்று குடும்பத்துக்கே நம்பிக்கை வரும். வங்கி மேலாளருக்கும் காகிதத்தில் காட்டலாம். ஆடியில் பணமில்லாமல் நின்றுபோனால் அதுவும் நல்ல பாடம்தான். கடன் வாங்கிய பிறகு நிற்பதைவிட, இப்போதே தெரிந்துகொள்வது மேல்.

இதே வருடத்தில் இன்னும் மூன்று வேலைகள் இருக்கின்றன.

நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் கொடுத்து, பணம் வங்கிக் கணக்குக்கு வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். வியாபாரியிடம் ரொக்கமாக விற்ற நெல், வங்கியின் கண்ணுக்குத் தெரியாத நெல். தையல் வருமானத்தையும் கணக்கில் போட்டு வர வேண்டும். 12 மாத வங்கிக் கணக்குப் பட்டியல்தான் விவசாயிக்குச் சம்பளச் சீட்டு.

வேளாண் வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. ஆனாலும், வேளாண் வருமானத்தைக் காட்டி வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருந்தால் கடன் பரிசீலனையில் உதவும். சிட்டா, அடங்கல், கொள்முதல் ரசீது, உர ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வைக்க வேண்டும்.

மூன்றாவது, ஒரே நேரத்தில் ஐந்தாறு வங்கிகளில் விண்ணப்பம் போடக் கூடாது. ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் பதிவாகும். விசாரிப்பது எத்தனை இடத்திலும் விசாரிக்கலாம். விண்ணப்பம் ஓரிடத்தில் போதும்.

அரசு தரும் கை

2024 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2.0-ல் வட்டி மானியம் உண்டு. கூத்தாநல்லூர் நகராட்சி என்பதால் அங்கு வாங்கும் வீட்டுக்கு இதைக் கேட்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவிகித வட்டி மானியம். ஐந்து ஆண்டுத் தவணைகளாக, அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய் வரை கடன் கணக்கில் வரவு வைக்கப்படும்.

முக்கிய நிபந்தனை, குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் பக்கா வீடு இருக்கக் கூடாது. கிராமத்தில் அண்ணன் தம்பிக்குப் பொதுவாக உள்ள பூர்வீக வீட்டில் வாசகருக்குப் பங்கு இருந்தால், அது எப்படிக் கணக்கில் வரும் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே வங்கியில் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். இந்த மானியம் கிடைத்தால் லாபம். கிடைக்கும் என்று நம்பி விலை பேசக் கூடாது.

10 லட்சம் ரூபாய்க்குள் மதிப்புள்ள வீட்டைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைவு. விலை 10 லட்சத்துக்குள் படியுமானால், மனைவி பெயரில் வாங்குவது 10,000 ரூபாய் வரை மிச்சம் தரும்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால்

‘சின்ன சிங்கப்பூர்’ என்று அழைக்கப்படும் கூத்தாநல்லூரில், வீட்டுக்குச் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருப்பது புதிதல்ல. ஆனால், அப்படிப்பட்ட வீட்டை வாங்குபவர் மூன்று விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும்.

ஒன்று, வரிப்பிடித்தம். உள்நாட்டில் இருப்பவரிடம் 50 லட்சத்துக்குக் குறைவான வீட்டை வாங்கினால் வரி பிடிக்க வேண்டியதில்லை. விற்பவர் வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்த வரம்பு பொருந்தாது. 2 ஆண்டுகளுக்கு மேல் அவரிடம் இருந்த வீடு என்றால் 12.5 சதவிகிதம், செஸ் சேர்த்து 13 சதவிகிதத்தை வாங்குபவரே பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 18 லட்சத்துக்கு இது 2,34,000 ரூபாய். கூடுதல் செலவல்ல, விலையிலிருந்தே பிடிப்பது. குறைத்துப் பிடிக்க வேண்டுமானால் விற்பவர் வருமான வரித்துறையில் சான்று வாங்கித் தர வேண்டும். பிடிக்காமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால், பிறகு வருமான வரித்துறை கேட்பது வாங்கியவரைத்தான். ஆடிட்டரைப் பார்க்காமல் இந்தக் கிரயத்தில் இறங்கக் கூடாது.

இரண்டு, அதிகாரப் பத்திரம். உறவினர் கையெழுத்துப் போடுவதானால், வெளிநாட்டில் எழுதப்பட்ட பொது அதிகாரப் பத்திரம் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றிருக்க வேண்டும். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்றும் பதிவின்போது தேவைப்படும். ‘போனில் சொல்லிவிட்டார்’ என்பது அதிகாரம் ஆகாது.

மூன்று, அடிமனை. டெல்டாவில் பல வீடுகள் கோயில் மனையிலும் வக்ஃபு மனையிலும் நிற்கின்றன. கட்டடம் மட்டும்தான் வீட்டுக்காரருடையது, மனைக்குப் பகுதி கட்டி வருவார். இத்தகைய மனையைக் கிரயம் பதிய முடியாது. வங்கிக் கடனும் கிடைக்காது. மூலப்பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது ஆகியவற்றை வழக்கறிஞர் பார்த்து எழுத்துபூர்வமாகக் கருத்து சொன்ன பிறகுதான் முன்பணப் பேச்சு.

முன்பணம் கொடுப்பதானால் ரொக்கமாக வேண்டாம், வங்கி வழியாகவே கொடுக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது தமிழ்நாட்டில் 2012 முதல் சட்டம். ‘வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தரப்படும்’ என்ற வரி அதில் இருக்க வேண்டும். அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், விலகிக்கொள்வதே நல்லது.

அறுவடைக்கு ஏற்ற தவணை

விவசாயிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவணை கட்ட சில வங்கிகள் அனுமதிக்கின்றன. கேட்டால்தான் சொல்வார்கள். 8 லட்சத்துக்கு 9 சதவிகிதத்தில் 15 வருடம் என்றால் அரையாண்டுத் தவணை சுமார் 49,100 ரூபாய் வரும். கொள்முதல் பணம் வருகிற மாதத்தோடு இதைப் பொருத்திக்கொள்ளலாம். ஆனால், பணத்தைக் கையில் வைத்தால் செலவாகிவிடும் என்று தோன்றுகிறவர்களுக்கு மாதத் தவணையே நல்லது.

மாதத் தவணை கட்டுபவர்களுக்கும் ஒரு வழி உண்டு. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டியே கட்டினால், வங்கி அபராதம் வாங்கக் கூடாது. மாதத் தவணையோடு, ஒவ்வொரு ஆண்டும் தாளடி அறுவடையில் 25,000 ரூபாயைக் கூடுதலாக அசலில் கட்டி வந்தால், 15 ஆண்டுக் கடன் ஏறக்குறைய 10 ஆண்டுகளில் முடிந்துவிடும். வட்டியில் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் மிச்சம். விளைச்சல் பொய்த்த வருடம் கூடுதல் பணம் கட்டாமல் விடலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆக, வாசகர் இந்தத் தையில் செய்ய வேண்டியது, தன்னுடைய அறிக்கையையும் மனைவியின் அறிக்கையையும் வாங்கிப் பார்ப்பது. மாசியில் தாளடிப் பணம் வந்ததும் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டி, அடுத்த போகத்துக்கான பணத்தை ஒதுக்கிவிட்டு, மீதியில் நகையை மீட்கத் தொடங்குவது. பங்குனியிலிருந்து 3,114 ரூபாய் ஒத்திகை. அடுத்த வருடம் இதே நேரத்தில் வங்கிக்குப் போகலாம். அந்த 18 லட்சம் வீடு அதற்குள் கைமாறியிருக்கலாம். கூத்தாநல்லூரில் வேறு வீடு விலைக்கு வராமல் போகாது. 7 பவுன் நகையும் விதை நெல்லும் வீட்டில் பத்திரமாக இருக்கும்.

குறுங்கேள்விகள்

“இதுவரை எந்தக் கடனும் வாங்கியதில்லை. சிபிலில் ஒன்றுமே இல்லை என்கிறார்கள். வீட்டுக்கடன் கிடைக்குமா?”

- வாசகர், மன்னார்குடி.

கிடைக்கும். கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதன்முறை கடன் கேட்பவரை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனால், வருமானத்தை வேறு வகையில் காட்ட வேண்டும். 12 மாத வங்கிக் கணக்கு, கொள்முதல் ரசீதுகள் கட்டாயம் தேவைப்படும். ஒரு சிறிய பயிர்க்கடனை வாங்கிக் கெடுவுக்குள் கட்டினால் அதுவே வரலாறாகும்.

“பழைய டிராக்டர் கடனை வங்கியோடு பேசி, தள்ளுபடியில் ஒரே தவணையாக முடித்தேன். ஆனாலும் சிபில் குறைவாக இருக்கிறது. 2021-ல் கூட்டுறவுப் பயிர்க்கடனும் தள்ளுபடியானது. அதுவும் காரணமா?”

- வாசகர், நீடாமங்கலம்.

இரண்டும் வேறு வேறு. 2021-ல் தமிழ்நாடு அரசு, 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. அது அரசு ஏற்றுக்கொண்ட கடன். சங்கத்தில் நிலுவை இல்லை என்ற சான்று வாங்கி வைத்தால் போதும். டிராக்டர் கடனில் வங்கிக்கு வர வேண்டிய முழுப் பணமும் வரவில்லை. அதனால், ‘முடிந்தது’ என்பதற்குப் பதில் ‘பேசித் தீர்க்கப்பட்டது’ என்று அறிக்கையில் இருக்கும். வீட்டுக்கடன் தரும் வங்கிகள் இதை விரும்புவதில்லை. விட்டுப்போன தொகையைக் கட்டிவிட்டு, கணக்கை ‘முடிந்தது’ என்று மாற்றித் தர முடியுமா என அதே வங்கியில் எழுத்துபூர்வமாகக் கேட்கலாம். மாற்றிய பிறகு சிபிலில் அது ஏறியிருக்கிறதா என்று ஒரு மாதம் கழித்துச் சரிபார்க்க வேண்டும்.